ஐடா ஸ்கடர் அம்மையார்

அமெரிக்காவில் சிகாகோ நகரின் ஒரு வீட்டில், தாய் விட்டுச்சென்ற வெறும் படுக்கையில் முகம் புதைத்து ஒரு சிறுமி இரவெல்லாம் அழுதாள். தந்தை முன்பே இந்தியா சென்றுவிட்டார். அன்று தாயும் அவரிடம் புறப்பட்டுவிட்டார். மகளின் படிப்பிற்காக அவளைப் பெரியப்பாவின் வீட்டில் விட்டுச்செல்ல வேண்டியதாயிற்று. கடல் கடந்து தொலைபேசியில் பேச இயலாத காலம் அது. கடிதம் எழுதினால் மறுமொழி வரப் பல வாரங்கள் ஆகும். அச்சிறுமியே, பின்னாளில் வேலூர் நகரின் பெயரை உலகறியச் செய்த ஐடா ஸ்கடர்.

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்கடர் மருத்துவர், தாய் சோஃபியா. அவருடைய பாட்டனார் 1819ஆம் ஆண்டிலேயே மருத்துவ மறைப்பணியாளராக அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்தவர். பின்னர்ச் சென்னையிலும் பணியாற்றினார். அக்குடும்பத்தில் பலர் அதே பணியை மேற்கொண்டனர். ஊரார் அதனைப் பெருமையாகப் பேசினர். ஆனால் பெருமைக்கு ஒரு விலை இருந்தது. பிள்ளைகள் ஓரளவு வளர்ந்ததும் அவர்களைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு, பெற்றோர் இங்குத் தனித்திருப்பர். பிள்ளைகள் அங்குத் தனித்திருப்பர். அந்த விலையை ஐடா சிறுவயதிலேயே கொடுத்தார். மேலும், குழந்தைப் பருவத்தில் அவர் கண்ட 1877ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தின் காட்சிகளும் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. எனவே, தாம் ஒருபோதும் மறைப்பணியாளர் ஆவதில்லை என்று அவர் உறுதி கொண்டதில் வியப்பில்லை.

நார்த்ஃபீல்டில் பள்ளிப் படிப்பை முடித்த ஐடா, தாயின் உடல்நலம் குன்றியதை அறிந்து 1890ஆம் ஆண்டு திண்டிவனம் வந்தார். தாய்க்குத் துணையாகச் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவதே அவரது எண்ணம். ஓர் இரவு மூன்று ஆடவர் ஒருவர் பின் ஒருவராக வந்து அவ்வீட்டின் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றவர் மேல்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிள்ளைப்பேற்றில் துன்புற்றுக்கொண்டிருந்தனர். தந்தை மருத்துவர் என்றாலும் ஆடவர். ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொட்டு மருத்துவம் செய்வதை அவர்களுள் ஒருவரும் ஏற்கவில்லை. ஐடாவோ மருத்துவம் அறியாதவர். பொழுது விடிந்தபோது தெருவில் சாவுப்பறை ஒலித்தது. மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தியும் வந்தது. மருத்துவம் கற்பதென அன்றே ஐடா முடிவு செய்தார்.

ஃபிலடெல்ஃபியாவிலும் பின்னர் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியிலும் பயின்று 1899ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்டுவதற்காக ஷெல் என்னும் செல்வர், மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார். 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார்.

தந்தையிடம் சில ஆண்டுகள் தொழில் பழகலாம் என்று அவர் நம்பியிருந்தார். ஆனால் வந்த சில திங்களிலேயே தந்தை புற்றுநோயால் மறைந்தார். வழிகாட்டி இல்லை, அனுபவம் இல்லை, மருத்துவமனையும் இன்னும் எழும்பவில்லை. தொடக்கத்தில் நோயாளிகள் வரவே அஞ்சினர். பட்டம் பெற்ற மருத்துவருக்கும் மனம் உண்டு; அது சோர்வதும் உண்டு. துயருற்றோர் அனைவரும் ஆறுதல் தேடி மருத்துவரிடம் செல்வர். மருத்துவர் யாரிடம் செல்வது?

ஐடாவுக்கு முதல் துணை அவருடைய தாயே. எந்தத் தாய் பிரிந்ததற்காக அன்று அழுதாரோ, அதே தாயோடு இப்போது ஒரே வீட்டில் வாழ்ந்தார். கணவரை இழந்த சோஃபியா நாடு திரும்பவில்லை. வீட்டை நிருவகித்து, களைத்து வரும் மகளுக்கு உணவும் உரையாடலும் தந்து, கால் நூற்றாண்டுக் காலம், 1925ஆம் ஆண்டில் மறையும்வரை உடனிருந்தார். அடுத்த துணை, ஐடாவோடு அமெரிக்காவிலிருந்து வந்த தோழி ஆனி ஹான்காக். அவர் வேலூரில் வீடுவீடாகச் சென்று பெண்களோடு பழகினார். மருத்துவமனைக்கு வர அஞ்சியவர்களின் தயக்கம் அதனால் மெல்லக் குறைந்தது. வீட்டுப் பணியாளர் ஒருவரின் மனைவியான சலோமியையும் மறந்துவிடக் கூடாது. முறையான பயிற்சி பெற்ற செவிலியர் எவரும் இல்லாத அந்நாளில், ஐடா செய்த முதல் பெரிய அறுவை சிகிச்சையில் அருகே நின்று உதவியவர் அவரே. வரலாற்று நூல்களில் அவருக்கு ஒதுக்கப்படும் இடம் சில வரிகளே. ஆனால் அவர் கை நடுங்கியிருந்தால் ஐடாவின் கையும் நடுங்கியிருக்கும்.

1902ஆம் ஆண்டு நாற்பது படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. நகருக்கு வர இயலாத சிற்றூர் மக்களை நாடி ஐடா முதலில் மாட்டுவண்டியிலும், 1909ஆம் ஆண்டு முதல் ஒரு சிறு பெஜோ மோட்டார் வண்டியிலும் சென்றார். மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி மருந்து கொடுப்பார். அதே ஆண்டில் செவிலியர் பயிற்சிப் பள்ளியும் தொடங்கியது.

1916ஆம் ஆண்டு கெர்ட்ரூட் டாட் என்னும் அமெரிக்கப் பெண்மணி வேலூருக்கு வந்து சேர்ந்தார். அவர் மருத்துவர் அல்லர். கணக்குகளைக் கவனித்தார், ஏழை மாணவியரின் படிப்புக்குத் தம் பணத்தைச் செலவிட்டார், எல்லாவற்றுக்கும் மேலாக, ஐடாவின் உற்ற தோழியாக 1944ஆம் ஆண்டில் தாம் மறையும்வரை வாழ்ந்தார். அந்நட்பு இல்லையேல் பின்வந்த புயல்களை ஐடா தாங்கியிருப்பாரா என்பது ஐயமே.

1918ஆம் ஆண்டு பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஐடா தொடங்க முனைந்தபோது, மூன்று பேர் விண்ணப்பித்தாலே வியப்பு என்று அதிகாரிகள் கருதினர். வந்த விண்ணப்பங்களோ 151. முதலாண்டுத் தேர்வில் மாகாணத்து ஆண் மாணவருள் ஐவரில் ஒருவரே தேறியபோது, வேலூரின் 14 மாணவியரும் தேறினர்.

ஆயினும் கடினமான சோதனை முதுமையிலேயே வந்தது. 1930களின் இறுதியில், மருத்துவப் பள்ளிகள் பட்டம் வழங்கும் கல்லூரிகளாக உயர வேண்டும் என்று அரசு விதித்தது. அதற்குப் பெரும்பொருள் தேவைப்பட்டது. எழுபது வயதைக் கடந்த ஐடா நிதி திரட்ட அமெரிக்கா சென்றார். ஆண்களையும் சேர்த்தால் பல திருச்சபைகளின் உதவி கிட்டும், கல்லூரி பிழைக்கும். ஆனால் பெண்களுக்கென்றே தோன்றிய நிறுவனம் அவ்வாறு மாறுவதை, நெடுங்காலம் துணைநின்ற லூசி பீபாடி ஏற்கவில்லை. பகைவரின் எதிர்ப்பைவிட நண்பரின் எதிர்ப்பே மனத்தை மிகுதியாக வருத்தும். ஐடா நெடிது எண்ணிக் கல்லூரியின் பக்கமே நின்றார். 1947ஆம் ஆண்டு ஆண் மாணவர்களும் சேர்ந்தனர். அடுத்த ஆண்டு ஹில்டா லாசரஸ் அம்மையார், அந்நிறுவனத்தை வழிநடத்திய முதல் இந்தியர் ஆனார்.

இத்தனை சுமைகளுக்கிடையே ஐடா விளையாட்டையும் ஓய்வையும் கைவிடவில்லை. முதிய வயதிலும் டென்னிஸ் ஆடினார். தம்மினும் மிக இளையவர்களைத் தோற்கடித்து மகிழ்ந்தார். சமவெளியின் வெயிலில் உழைத்த மறைப்பணியாளர்கள் கோடையில் ஒன்றுகூடி இளைப்பாறும் இடம் கொடைக்கானல். தம் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பாமல் அருகிலேயே படிக்கவைப்பதற்காக அவர்கள் 1901ஆம் ஆண்டு அங்கு ஒரு பள்ளியையும் தொடங்கினர். சிகாகோவில் ஐடா அழுத இரவைப் போன்ற இரவுகள் அதனால் சில குழந்தைகளுக்கேனும் குறைந்தன.

அதே கொடைக்கானலில் 'ஹில்டாப்' என்ற பெயருடைய இல்லத்தில் ஐடா தம் ஓய்வுக்காலத்தைக் கழித்தார். தோட்டம் வளர்த்தார், விருந்தினரை வரவேற்றார், வேலூரிலிருந்து வரும் செய்திகளை ஆவலோடு கேட்டார். அங்கு அவருடைய அண்ணன் மகள், அதே ஐடா என்னும் பெயருடையவர், கதிரியக்க மருத்துவராகப் பணியாற்றி வந்தார். 1960ஆம் ஆண்டு மே மாதம், எண்பத்தொன்பதாம் வயதில், ஐடா அம்மையார் மறைந்தார்.