ஒலி கேட்டது, திசை தெரியவில்லை

அமேலியா ஏர்ஹார்ட் என்றாலே அவர் எங்கே மறைந்தார் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். ஜப்பானியர்கள் பிடித்துச் சென்றார்களாம், ஏதோ ஒரு தீவில் தனியே வாழ்ந்தாராம். இந்தக் கதைகளுக்குக் குறைவே இல்லை. எனக்கு அவற்றில் ஆர்வம் இல்லை. அந்தக் கடைசிக் காலைப் பொழுதில் விமானத்துக்கும் கப்பலுக்கும் இடையே நடந்த, உண்மையில் நடக்காமல் போன, உரையாடல்தான் என்னை ஈர்க்கிறது.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், அச்சிசன் என்ற ஊரில் 1897இல் பிறந்தவர் அமேலியா. முதல் உலகப்போரின்போது கனடாவின் டொரொண்டோ நகரில் காயமுற்ற படைவீரர்களுக்குத் தாதிமை உதவியாளராகப் பணியாற்றினார். 1920ஆம் ஆண்டு இறுதியில் கலிபோர்னியாவில் பயணியாக ஒரு விமானத்தில் சில நிமிடங்கள் பறந்தார். அடுத்த மாதமே நீட்டா ஸ்னூக் என்ற பெண் விமானியிடம் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டார். தொலைபேசி நிறுவன வேலை உட்படக் கிடைத்த வேலைகளைச் செய்து பயிற்சிக் கட்டணத்தைச் சேர்த்தார்.

1928இல் அட்லாண்டிக் பெருங்கடலை விமானத்தில் கடந்த முதல் பெண் என்ற புகழ் வந்தது. ஆனால், விமானத்தை ஓட்டியவர்கள் இரண்டு ஆண்கள். தாம் உருளைக்கிழங்கு மூட்டை போலத்தான் பயணம் செய்ததாக அவரே கூறிக்கொண்டார். அந்தக் கூச்சம் அவரை விடவில்லை என்றே நினைக்கிறேன். 1932 மே மாதம் அதே கடலைத் தனியாக, ஏறத்தாழ 15 மணி நேரத்தில் கடந்து அயர்லாந்தின் வடபகுதியில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறங்கினார்.

1937இல் நடுக்கோட்டையொட்டி உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். மார்ச் மாதம் ஹவாயில் விமானம் ஓடுபாதையில் சேதமடைந்ததால் முதல் முயற்சி நின்றது. இதற்குப் பிறகு குழுவிலிருந்து விலகியவர்களில் ஒருவர் ஹாரி மேனிங். மோர்ஸ் குறியீட்டிலும் வானொலியிலும் தேர்ந்தவர் அவர்தான். எஞ்சியவர்கள் அமேலியாவும் வழிகாட்டி ஃபிரெட் நூனனும். விண்மீன்களைப் பார்த்து வழி சொல்வதில் நூனன் வல்லவர். ஆனால், இருவருக்குமே மோர்ஸ் சரளமாக வராது.

அந்தப் பயணத்தில் அவர் நம் ஊருக்கும் வந்தார் என்பது பலருக்குத் தெரியாது. ஜூன் மாதம் பேங்காக்கிலிருந்து பறந்து சிங்கப்பூரில் இறங்கினார். கல்லாங் விமான நிலையம் அப்போதுதான் திறக்கப்பட்டிருந்தது. இங்கிருந்து பண்டுங், டார்வின் வழியாக நியூகினியின் லே நகருக்குச் சென்றார்.

ஜூலை 2ஆம் தேதி காலை 10 மணிக்கு லேயிலிருந்து புறப்பட்டார். இலக்கு 4,100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஹவ்லண்ட் தீவு. அது ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமே உள்ள, கடல்மட்டத்தைவிடச் சில மீட்டரே உயர்ந்த மணல்திட்டு. அதைக் கண்ணால் தேடுவது கடினம் என்பதால்தான் அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் இட்டாஸ்கா கப்பல் அங்கே நின்றது. வானொலி மூலம் வழிகாட்டுவது அதன் வேலை.

கப்பலின் திசையறி கருவி 500 கிலோஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகளில் இயங்கக்கூடியது. அதில் ஒலிபரப்பத் தேவையான நீண்ட கம்பி ஆண்டெனா, விமானத்திலிருந்து மயாமியிலேயே கழற்றப்பட்டிருந்தது. அமேலியா பேசியது 3105இல். கப்பல் ஊழியர்கள் மணிக்கணக்கில் மோர்ஸ் குறியீட்டையும் அனுப்பினார்கள். மறுமுனையில் அதைப் படிக்க ஆள் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. கடிகாரங்களிலும் குழப்பம். அமேலியா கிரீன்விச் நேரத்தைப் பின்பற்றினார். கப்பலின் கடிகாரம் அதிலிருந்து பதினொன்றரை மணி நேரம் வேறுபட்டது. அந்த அரை மணி, யார் எப்போது பேசுவது, யார் எப்போது கேட்பது என்ற ஏற்பாட்டையே குழப்பக்கூடியது.

ஹவ்லண்டில் காலை 7.42. தாம் தீவுக்கு மேலேதான் இருக்கவேண்டும், ஆனால் காண முடியவில்லை, எரிபொருள் குறைகிறது என்று அமேலியா தெரிவித்தார். அவரது குரல் மிகத் தெளிவாகக் கேட்டது. கப்பலிலிருந்து பேசியதோ அவருக்குக் கேட்கவே இல்லை.

சற்று நேரத்தில் அவர் 7500 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பச் சொன்னார். அனுப்பினார்கள். அந்த ஒலி கேட்டது! அந்தக் காலை முழுவதும் கப்பலிலிருந்து அவருக்குக் கேட்டதாக அவர் சொன்னது இது ஒன்றுதான். ஆனால், திசை தெரியவில்லை. விமானத்தின் வளைய ஆண்டெனாவைத் திருப்பும்போது ஒலி எங்கே மிகவும் மங்குகிறதோ அதை வைத்துத்தான் திசையைக் கணிப்பார்கள். 7500 போன்ற உயர்ந்த அலைவரிசையில் அந்தக் கருவியால் அந்த மங்கல் புள்ளியைக் காண முடியாது. கேட்ட அலைவரிசையை அப்படியே கொடுத்த கப்பல்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், எதற்காக அது என்று இரு தரப்பும் லேயிலேயே பேசி முடித்திருக்க வேண்டும். இன்று கட்டுப்பாட்டு நிலையம் தரும் முக்கிய அனுமதிகளை விமானி திருப்பிச் சொல்லியாக வேண்டும். அமேலியா பறந்த அந்தக் காலையில், ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரிந்ததா என்று சரிபார்க்க வழியே இல்லை.

8.43க்குத் தாம் 157-337 என்ற கோட்டில் வடக்கும் தெற்குமாகப் பறப்பதாகச் சொல்லி, 6210க்கு மாறப்போவதாக அறிவித்தார். போர்க்கப்பலும் விமானந்தாங்கிக் கப்பலும் பங்கேற்ற தேடல் ஜூலை 19 வரை நீடித்தது. 1939 ஜனவரியில் நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தது.

இட்டாஸ்காவின் வானொலி அறையில் இருந்தவர்கள் 8.43க்குப் பிறகும் 3105இலும் 6210இலும் அவரை அழைத்துக்கொண்டே இருந்தார்கள்.