மார்ட்டின் லூதர் கிங்கும் நியூகாசில் சர்வகலாசாலையும்

பெரியோர் சரித்திரத்தைப் படிப்பதால் உண்டாகும் பயன் இரண்டு. அவர்கள் நடந்த வழியை அறிதல் ஒன்று. அவ்வழியில் நாம் எவ்வளவு தூரம் பின்தங்கி நிற்கின்றோம் என்பதை அறிதல் மற்றொன்று. முதற்பயனை நாடுவோர் பலர். இரண்டாவதை நாடுவோர் சிலரே. இரண்டையும் ஒருங்கே தரவல்லது, அமெரிக்காவில் கறுப்பு இன மக்களின் உரிமைக்காக உழைத்து உயிர் நீத்த டாக்டர் மார்ட்டின் லூதர் கிங்கின் சரித்திரம். அதனையும், இங்கிலாந்தில் ஒரு சர்வகலாசாலை அவருக்குச் செய்த மரியாதையையும் நம் சங்கத்து அன்பர்களுக்கு ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைப்போம்.

கிங் 1929-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி, ஜார்ஜியா மாகாணத்து அட்லாண்டா நகரில் பிறந்தார். அவருடைய தந்தையாரும் தாயைப் பெற்ற பாட்டனாரும் அந்நகரத்து எபினேசர் தேவாலயத்தில் போதகர்களாய் இருந்தவர்கள். அந்நாளில் அமெரிக்காவின் தென் மாகாணங்களில் வெள்ளையருக்கு ஒரு பள்ளிக்கூடம், கறுப்பருக்கு வேறொரு பள்ளிக்கூடம். உண்ணும் இடமும் தண்ணீர்க் குழாயுங்கூட வெவ்வேறு. சட்டமே இப்பாகுபாட்டுக்குக் காவல் நின்றது. கிங் சிறு குழந்தையாய் இருந்தபோது அவருக்கு வெள்ளைக்காரத் தோழன் ஒருவன் இருந்தான். இருவரும் பள்ளியிற் சேரும் வயது வந்ததும், இனி இவரோடு விளையாடலாகாதென்று அவன் தகப்பனார் தடுத்துவிட்டார். காரணம் கேட்டு அழுத பிள்ளைக்குத் தம் இனத்தார் பட்ட துன்பங்களைப் பெற்றோர் எடுத்துக் கூறினர். இத்தகைய தடையை நம் நாட்டுக் குழந்தைகளும் அறிவார்கள் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

அவர் பதினைந்தாம் வயதிலேயே மோர்ஹவுஸ் கல்லூரியிற் சேர்ந்தார். பின்னர் சமய சாஸ்திரம் கற்று, 1955-ல் பாஸ்டன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். வட மாகாணங்களிலேயே தங்கிச் சுகமாய் வாழ வழியிருந்தும், தென்னாட்டு மான்ட்கமரி நகரில் போதகர் பதவியை ஏற்றார்.

அவ்வருஷம் டிசம்பர் 1-ந் தேதி, அந்நகரத்துப் பஸ் ஒன்றில் ரோசா பார்க்ஸ் என்னும் அம்மையார், வெள்ளையருக்காகத் தம் இடத்தை விட்டெழ மறுத்துக் கைதியானார். உடனே கறுப்பு இன மக்கள் பஸ் ஏறுவதையே ஒழித்தனர். இருபத்தாறே வயதான கிங் அவர்களுக்குத் தலைவரானார். சமையல் வேலை செய்யும் பெண்களும் கூலியாட்களும் 381 நாள் வெயிலிலும் மழையிலும் நடந்தே தொழிலுக்குச் சென்றனர். கிங்கின் மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருக்கையில் அவர் வீட்டின்மீது வெடிகுண்டு எறியப்பட்டது. ஆத்திரங்கொண்டு ஆயுதங்களுடன் திரண்டவர்களை அமைதியாக வீடு திரும்பச் செய்தவர் அவரே. இறுதியில் 1956-ல் உச்ச நீதிமன்றம் அப்பாகுபாடு செல்லாதென்று தீர்ப்பளித்தது.

இந்த அகிம்சை முறையைக் காந்தியடிகளிடம் கற்றதாக அவர் மறைக்காமற் சொல்லி வந்தார். 1959-ல் மனைவியாருடன் நம் தேசத்துக்கு யாத்திரை வந்தார். குமரிமுனை வரையிற் சென்றார். அவ்யாத்திரையில் திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் பயிலும் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்வையிட்டார். அப்பள்ளித் தலைவர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாத சகோதரர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வித்தார். முதலில் திடுக்கிட்டு மனம் வருந்தினாலும், சற்றே சிந்தித்தபின் அது முற்றும் உண்மையே என்று ஏற்றுக்கொண்டதாகப் பிற்காலத்தில் அவரே தம் தேவாலயத்திற் கூறினார். மேல் என்றும் கீழ் என்றும் மனிதரைப் பிரிக்கும் நோய் ஒன்றே, தேசந்தோறும் அதன் பெயர்தான் வேறு என்பதை அவர் நம் மண்ணில் கண்டுகொண்டார் என்று நாம் கருதுகிறோம்.

நிற்க. 1963-ம் வருஷத்து வாஷிங்டன் பேரணியும், 1964-ம் வருஷத்து நோபெல் சமாதானப் பரிசும், 1964, 1965-ம் வருஷங்களில் நிறைவேறிய உரிமைச் சட்டங்களும் உலகறிந்தவை. பலர் அறியாதது அதன் பின்னர் நிகழ்ந்தது. 1967-ல் அவர் வியட்நாம் யுத்தத்தைக் கண்டித்துப் பேசவே, பெரும் பத்திரிகைகள் அவரைத் தூற்றின. நாட்டுத் தலைவரின் நட்பும் போயிற்று. பழைய துணைவர் பலர் விலகினர். அவ்வருஷம் அக்டோபர் முடிவில், 1963-ம் வருஷத்து வழக்கொன்றுக்காகச் சில நாள் சிறையும் இருந்தார்.

இத்தகைய வேளையிலேதான், இங்கிலாந்தின் வடபாகத்தில் டைன் நதிக்கரையில் உள்ள நியூகாசில் சர்வகலாசாலை அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. தனிச் சர்வகலாசாலையாகி நான்கு வருஷமே ஆகியிருந்த இளங்கலாசாலை அது. 1967 நவம்பர் 13-ந் தேதி நடந்த விழாவுக்காகவே அவர் கடல் கடந்து வந்தார். அந்நகரில் ஒரு நாள்கூட முழுதாகத் தங்கவில்லை. எழுதி வைத்துக்கொள்ளாமலே எழுந்து, இனபேதம், வறுமை, யுத்தம் என்னும் மூன்று கேடுகளையும் ஒழித்தாலன்றி உலகுக்கு நன்மையில்லை என்று சில நிமிஷம் பேசினார். அவர் உயிரோடிருந்த காலத்தில் அவருக்குப் பட்டமளித்த பிரிட்டிஷ் சர்வகலாசாலை இஃதொன்றே.

ஐந்து மாதமும் நிறையவில்லை. குப்பை வாரும் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்க மெம்பிஸ் நகருக்குச் சென்றவரை, 1968 ஏப்ரல் 4-ந் தேதி ஒரு கொலைஞன் சுட்டான். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. அதே மாதம் 20-ந் தேதி, இங்கிலாந்திலேயே பார்லிமெண்டு அங்கத்தினர் ஈனக் பவல், குடியேறிய வேற்றினத்தாருக்கு எதிராகத் துவேஷம் மூட்டும் பிரசங்கம் செய்தார். அந்நோய்க்கு அந்நாடும் விலக்கன்று.

ஐம்பது ஆண்டு சென்றபின், 2017-ல் அச்சர்வகலாசாலை என்ன செய்தது? பட்டமளித்த அதே நவம்பர் 13-ந் தேதி அவருக்குச் சிலை திறந்தது; அவருடைய தோழர் ஆண்ட்ரூ யங் அதனைத் திறந்து வைத்தார். ஆனால் சிலையோடு நிறுத்தவில்லை. நகரத்துக் கலைச்சாலைகளோடு கூடி, நியூகாசில், கேட்ஸ்ஹெட் என்னும் இரு நகரத்து மக்களும் கலந்துகொள்ள ஆண்டு முழுவதும் நிகழ்ச்சிகளை நடத்தியது. அவற்றுள் ஒன்று அக்டோபரில் வீதிகளில் நடித்துக்காட்டிய பெருங்காட்சி. டைன் பாலத்தின்மீது அது நிறைவெய்தியது. அமெரிக்காவின் செல்மா, தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில் ஆகிய இடங்களின் கதையோடு, 1819-ல் மான்செஸ்டர் நகரில் செயின்ட் பீட்டர் மைதானத்தில் ஏழை ஜனங்கள் வெட்டுண்ட பீட்டர்லூ கதையும், 1936-ல் வேலையற்றோர் ஜாரோவிலிருந்து லண்டனுக்கு நடந்த கதையும், 1919-ல் நம் அமிர்தசரஸில் நிகழ்ந்த படுகொலையும் அங்கே காட்டப்பெற்றன. அயலான் செய்த கொடுமையை மட்டும் காட்டியிருந்தால் அதில் வியப்பில்லை. தம் நாட்டார் செய்த கொடுமையையும் தம் நகரத்து வீதியிலேயே நின்று காட்டினரன்றோ! கிங்குக்குச் செய்த மரியாதைகளுள் இதனையே நாம் சிறந்ததென மதிக்கிறோம்.

அன்பர்களே, நம் சங்கமும் ஆண்டுதோறும் நம் குலத்துப் பெரியோர் படங்களைத் திறந்து வைக்கிறது, மாலை சூட்டுகிறது, அவர் பெயரால் நம் பிள்ளைகளுக்குப் படிப்புச் சகாயம் செய்கிறது. இது தகாதென்போமல்லோம். எனினும், நியூகாசிலார் போற்றியது தம் தேசத்தானை அன்று, தம் நிறத்தானை அன்று. ஊரெல்லாம் தூற்றிய வேளையில் ஓர் அயலானை அழைத்துப் போற்றினர். மேலிருப்பார் நம்மைத் தாழ்த்தும்போது நாம் கிங்கைப் போன்றோரை நினைக்கின்றோம். நமக்குக் கீழென்று நாம் எண்ணுவாரிடத்தில் நாம் நடந்துகொள்ளும்போது அவர்களை மறந்துவிடுகின்றோம். மான்ட்கமரிப் பஸ்ஸில் எழுந்திருக்கச் சொன்னவரும் தம் இனத்தின்மேல் அபிமானமுள்ளவரே என்பதை நாம் மறத்தலாகாது.

ஆகவே, நம் சங்கத்தின் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இவ்வொரு விஷயத்தை ஆலோசிக்குமாறு வேண்டுகிறோம். நம் பெரியோர் பெயரால் அளிக்கும் படிப்புச் சகாயத்தில் ஒரு பங்கேனும், நம் வகுப்பைச் சேராத, நம்மினும் எளிய குடியிற் பிறந்த பிள்ளைகளுக்குச் சேரட்டும். அதனை வாங்க வரும் பிள்ளை நம் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே பந்தியில் உண்டு செல்லட்டும். செலவு சிறிது, அதனால் நம் பெரியோர்க்கு உண்டாகும் பெருமை பெரிது.