ஹரி பேர்குசன்: பின் சில்லில் புகழ்பெற்று நான்கு சில்லுக்காக வாதாடியவர்

உழவுக் காலத்தில் கிளிநொச்சி வயல்களுக்கோ அம்பாறை வயல்களுக்கோ போனால், சிவப்பு நிற மசி பேர்குசன் உழவு இயந்திரம் எங்காவது கண்ணில் படும். அந்தப் பெயரின் பின்பாதிக்குச் சொந்தக்காரர் அயர்லாந்து விவசாயி ஒருவரின் மகன். அவருடைய கதை வயலோடு முடிந்துவிடவில்லை. எஞ்சினின் வலு பின் சில்லுகளுக்கு மட்டும் போவது நல்லதா, நான்கு சில்லுகளுக்கும் போவது நல்லதா என்று ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். தன் வாழ்வின் கடைசிப் பத்தாண்டுகளில் அந்தக் கேள்விக்காகப் பணத்தைக் கொட்டியவர் ஹரி பேர்குசன். பந்தயத் தடத்தில் அவருக்குச் சாதகமான பதில் கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை.

இன்றைய வட அயர்லாந்தில், ட்ரோமோர் என்ற ஊருக்கு அருகே 1884 நவம்பர் 4 ஆம் திகதி அவர் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் நான்காமவர். வயல் வேலையில் மனம் ஒட்டவில்லை. 1902 இல் பெல்பாஸ்ட் நகருக்குப் போய், அண்ணன் ஜோவின் கராஜில் சைக்கிளும் காரும் திருத்தத் தொடங்கினார். மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓடினார். பந்தயத்தில் வென்றால் கராஜுக்குப் பெயர் கிடைக்கும். ஒரு பொருளை விற்க வேண்டுமென்றால் அதைச் சனங்களின் கண் முன்னே ஓட்டிக் காட்ட வேண்டும் என்ற பாடத்தை அங்கேதான் கற்றார். கடைசி வரைக்கும் அவர் அதை மறக்கவில்லை.

1909 டிசம்பர் 31 ஆம் திகதி, தானே கட்டிய விமானத்தில் ஹில்ஸ்பரோவில் மேலெழுந்து ஏறத்தாழ 120 மீற்றர் தூரம் பறந்தார். அயர்லாந்தில் விமானம் பறந்தது அதுவே முதல் தடவை. அப்போது அவருக்கு வயது 25. அடுத்த ஆண்டு நியூகாசில் கடற்கரையோரமாகச் சுமார் மூன்று மைல் பறந்து 100 பவுண் பரிசும் வாங்கினார்.

கலப்பையும் பாரமும்

அவர் வாழ்க்கையின் திசையை மாற்றியது முதலாம் உலகப் போர். உணவுத் தட்டுப்பாடு நெருக்கிய 1917 இல், அயர்லாந்தின் விவசாயச் சபை உழவு இயந்திரங்களைத் திறமையாகப் பயன்படுத்தும் வழியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. அவரும் உதவியாளர் வில்லி சான்ட்ஸும் தோட்டம் தோட்டமாகச் சுற்றினார்கள். அன்றைய உழவு இயந்திரம் மாட்டின் இடத்தில் நின்ற ஒரு எஞ்சின், அவ்வளவுதான். கலப்பை பின்னால் தனியாக இழுபட்டுக்கொண்டு வரும். மண்ணுக்குள் இருக்கும் கல்லிலோ வேரிலோ கலப்பை சிக்கினால், பின் சில்லுகள் தொடர்ந்து உந்த, இயந்திரத்தின் முன்பக்கம் மேலே கிளம்பிச் சாரதியின் மேலேயே கவிழும். அப்படி உயிரிழந்தவர்கள் பலர்.

அதிகப் பாரம் ஏற்றினால் சில்லு பிடிக்கும் என்பதுதான் அப்போதைய பொதுவான விடை. பாரமான இயந்திரமோ மண்ணை இறுக்கிக் கெடுத்தது, எரிபொருளையும் குடித்தது. பேர்குசன் வேறு வழி தேடினார். கலப்பையை மூன்று கைகளால் இயந்திரத்தோடு பொருத்தி, ஹைட்ரோலிக் மூலம் தூக்கவும் தாழ்த்தவும் செய்தார். மண் கலப்பையைப் பின்னுக்கு இழுக்கும் அதே விசை, இந்த இணைப்பின் வழியாகப் பின் சில்லுகளைக் கீழே அமுக்கியது. கலப்பை எதிலாவது முட்டினால் மேலேயுள்ள கை முன்னோக்கித் தள்ளி முன்பக்கத்தை நிலத்திலேயே வைத்திருந்தது. சிறிய இயந்திரமும் ஆழ உழுதது, சாரதியும் உயிர் தப்பினார். அந்த மூன்று புள்ளி இணைப்பு இன்று உலகம் முழுவதும் உழவு இயந்திரங்களின் பொது அமைப்பாகிவிட்டது.

1938 இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் ஹென்றி போர்ட் முன்னே உழுது காட்டினார். எழுத்து மூல ஒப்பந்தம் எதுவும் இல்லை. இருவரும் கைகுலுக்கினார்கள், அடுத்த ஆண்டே போர்ட்–பேர்குசன் உழவு இயந்திரம் சந்தைக்கு வந்தது. 1947 இல் போர்ட்டின் பேரன் அந்த உறவை முறித்தார். பேர்குசன் வழக்குப் போட்டார். 1952 இல் 92 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் இழப்பீட்டோடு வழக்கு முடிந்தது. இதற்கிடையே இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் அவருடைய டீ.ஈ.20 உழவு இயந்திரம் 1946 முதல் 1956 வரை ஐந்து இலட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்டது. 1953 இல் கம்பனியைக் கனடாவின் மசி ஹரிஸுடன் இணைத்தார். அடுத்த ஆண்டே விலகினார்.

வயலிலிருந்து வீதிக்கு

விலகியவர் ஓய்வெடுக்கவில்லை. 1950 இலேயே பேர்குசன் ஆராய்ச்சிக் கம்பனியைத் தொடங்கியிருந்தார். 1953 இல் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற டொனி ரோல்ட்டும், அஸ்டன் மார்ட்டினில் பணியாற்றிய வடிவமைப்பாளர் குளோட் ஹில்லும் அவரோடு இருந்தார்கள். ஈரமான வீதியில் வழுக்காத, எளிதில் கட்டுப்பாட்டை இழக்காத சாதாரணக் குடும்பக் கார் ஒன்றே அவர்களுடைய இலக்கு.

இங்கேதான் ஒரு முரண் தெரிகிறது. பின் சில்லுகளை மட்டும் கொண்டு வேலை வாங்கும் கலையை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர், காருக்கு அது போதாது என்றார். காரணம் இருக்கிறது. உழவு இயந்திரத்தில் கலப்பை ஓயாமல் பின் சில்லுகளை அமுக்கிக்கொண்டிருக்கும். காரில் பாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. வேகமெடுக்கும்போது பின்னுக்குப் போகும், பிரேக் பிடித்தால் முன்னுக்கு வரும், திரும்பும்போது பக்கத்துக்குச் சாயும்.

வேகமெடுக்கும்போது பாரம் பின்னுக்குப் போவதால்தான் ஸ்போர்ட்ஸ் கார்களில் பின் சில்லு உந்தல் நன்றாக வேலை செய்கிறது. முன் டயர்கள் திருப்பும் வேலையை மட்டும் பார்க்கும், உறுப்புகளும் எடையும் குறைவு. ஆனால் மழையில் டயரின் பிடி குறைந்தவுடன் கணக்கு மாறுகிறது. மொத்த வலுவையும் தாங்க முடியாமல் இரண்டு பின் டயர்களும் வழுக்க, வாலைப் பிடித்துச் சுற்றியதுபோல் கார் சுழலும். அதே வலுவை நான்காகப் பங்கிட்டால் ஒவ்வொரு டயருக்கும் சுமை குறைகிறது. அதற்கும் ஒரு விலை உண்டு. எடை கூடுகிறது, செலவு கூடுகிறது, திரும்பவும் இழுக்கவும் ஒரே நேரத்தில் பாடுபடும் முன் டயர்கள் வளைவில் காரை வெளிப்பக்கம் கொண்டுபோகப் பார்க்கின்றன. வேகமெடுக்க உதவும் நான்கு சில்லு உந்தல் மட்டுமே காரைச் சீக்கிரம் நிறுத்திவிடாது என்பதையும் சாரதிகள் மறக்கக் கூடாது. பேர்குசனின் ஏற்பாட்டில், விமானங்களுக்காக உருவான மக்சரெட் என்ற சில்லு இறுகாத பிரேக்கும் சேர்ந்திருந்தது.

கார்க் கம்பனிகளுக்குச் செலவுதான் முதலில் தெரிந்தது. பழைய பாடத்துக்கே திரும்பினார்கள்: ஓட்டிக் காட்டுவது. அப்படிப் பிறந்ததுதான் பீ99 என்ற போர்மியூலா 1 கார். அது தடத்தில் இறங்குமுன், 1960 அக்டோபர் 25 ஆம் திகதி, 75 வயதில் ஹரி பேர்குசன் காலமானார்.

மழை நாளின் தீர்ப்பு

1961 ஜூலையில் எயின்ட்ரீயில் நடந்த பிரித்தானிய கிராண்ட் பிரியில் பீ99 ஓடியது. பாதியில் வெளியாரின் உதவியோடு தள்ளிக் கிளப்பியதால் தகுதி நீக்கப்பட்டது. செப்டெம்பர் 23 ஆம் திகதி, ஓல்டன் பார்க் தங்கக் கிண்ணப் பந்தயம். தடம் ஈரம். மற்றவர்கள் பின் சில்லு வழுக்காமல் பார்த்துப் பார்த்து வலுக் கொடுத்தபோது, ஸ்டேர்லிங் மொஸ் பீ99 ஐ வளைவுகளிலிருந்து துணிந்து விரட்டி முதலாவதாக வந்தார். உலக சம்பியன் பட்டத்துக்கான புள்ளிகள் அந்தப் பந்தயத்துக்கு இல்லை. ஆனாலும் நான்கு சில்லு உந்தல் கார் ஒன்று வென்ற ஒரே போர்மியூலா 1 பந்தயம் இன்றுவரை அதுதான். தான் ஓட்டிய போர்மியூலா 1 கார்களில் தனக்கு மிகப் பிடித்தது அதுவே என்று மொஸ் பின்னாளில் தெரிவித்தார்.

1966 இல் ஜென்சன் எஃப்.எஃப். வந்தது. எஃப்.எஃப். என்றால் பேர்குசன் போர்மியூலா. கரடுமுரடான பாதைகளுக்கல்லாமல் சாதாரண வீதிக்காகத் தயாரித்து விற்கப்பட்ட முதல் நான்கு சில்லு உந்தல் கார் அது. எஞ்சின் வலுவில் 37 வீதம் முன்னுக்கும் 63 வீதம் பின்னுக்கும் போனது. விலை அதிகம், வலது பக்க ஸ்டியரிங்கோடு மட்டுமே தயாரிக்க முடிந்தது. 1971 வரை 320 கார்களே வெளிவந்தன. போர்மியூலா 1 இலும் நிலைக்கவில்லை. 1969 இல் லோட்டஸ், மட்ரா, மக்லரன் அணிகள் முயன்றன. டயர்கள் அகன்று, காற்று அழுத்தத்துக்கான இறக்கைகளும் வந்துவிட்ட காலத்தில் பின் சில்லுகளுக்கே போதிய பிடி கிடைத்தது. கூடுதல் எடை சுமையானது. 1983 முதல் விதிகளே அதைத் தடுத்துவிட்டன.

வீதியில் நிலைமை வேறு. 1980 இல் அவுடி குவாட்ரோ வந்து, பனியும் சேறும் நிறைந்த ரலிப் பந்தயங்களில் பின் சில்லுக் கார்களைப் பின்தள்ளியது. இன்று போர்ஷ 911 இரண்டு விதமாகவும் கிடைக்கிறது. தடத்தில் ஓட்டுபவர்களுக்கான ஜீடீ3 பின் சில்லுகளில் ஓடுகிறது, எல்லாக் காலநிலையிலும் ஓட்ட விரும்புபவர்கள் நான்கு சில்லுகளைத் தெரிவு செய்கிறார்கள். காய்ந்த தடத்தில் பின் சில்லுக்காரர்கள் சொல்வது சரி. ஆனால் பேர்குசன் யோசித்தது மழையில் வீடு திரும்பும் சாதாரண மனிதரைப் பற்றி.

அந்தக் கார்கள் எதிலும் அவருடைய பெயர் இல்லை. பெயர் இருப்பது நம் வயல்களில் ஓடும் சிவப்பு இயந்திரங்களில்தான். அவற்றில் பல இன்னும் பின் சில்லுகளால் மட்டுமே உந்தப்படுகின்றன. கலப்பை அவற்றை அமுக்கிக்கொண்டிருக்கிறது.