கால்டுவெல் அத்தியட்சர்

வில்லின் நுனிபோலக் கடலுள் நீண்டு கிடக்கும் தனுக்கோடியை அறியாத தமிழர் இலர். 1964-ஆம் ஆண்டின் புயல் அவ்வூரை அழித்தது; அதன் பெயரை அழிக்க அதற்கு இயலவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி என்னும் யவன ஆசிரியர், இக்கடற்கரையைக் கூறுமிடத்துக் கோரி எனும் பெயரொன்றைக் குறித்துள்ளார். அப்பெயரைத் தனுக்கோடியிலுள்ள கோடி என்னும் சொல்லோடு பொருத்திக் காட்டி எழுதியவர், பனங்காட்டுச் சிற்றூர் ஒன்றில் பள்ளிகளோடும் ஏடுகளோடும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஒரு குருவானவர். அவரே இராபர்ட் கால்டுவெல் ஐயர். திருநெல்வேலியோடு இராமநாதபுரச் சீமைச் சபைகளையும் மேற்பார்த்த அவ்வத்தியட்சரின் வாழ்வை ஈண்டுச் சுருங்க எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் அயர்லாந்து தேசத்தில், ஸ்காட்லாந்தினரான பெற்றோர்க்கு மகவாய்த் தோன்றினார். இளமையில் ஓவியக் கலை பயின்ற அவர், பின்னர் இறைபணிக்குத் தம்மை ஒப்புவித்துக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கற்றார். ஆண்டுக் கிரேக்கம் கற்பித்த சாண்டுபோர்டு என்னும் ஆசிரியரின் பாடங்களே மொழிகளை ஒப்பிட்டு நோக்கும் வேட்கையை அவருள்ளத்தில் எழுப்பின. ஓர் ஆசிரியர் இட்ட வித்து எத்துணைத் தொலைவிலுள்ள நிலத்தில் முளைக்கும் என்பதை யாரே அறிவர்!

1838-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இலண்டன் மிஷன் சங்கத்தின் தொண்டராய் அவர் சென்னைத் துறையில் இறங்கினார். மூன்று ஆண்டுகள் அங்குத் தங்கித் தமிழை முறையாகக் கற்றார். பின்னர் ஆங்கிலத் திருச்சபையிற் சேர்ந்து, எஸ்.பி.ஜி. என வழங்கிய சங்கத்தின் பணியை மேற்கொண்டு, 1841-இல் தென்பாண்டி நாட்டை நோக்கிப் புறப்பட்டார். அந்நெடுவழியின் பெரும்பகுதியைக் கால்நடையாகவே கடந்தார். மக்களை அறியவேண்டின் அவர் நடக்கும் வழியிலேயே நடத்தல் வேண்டும் என்பது அவர் கருத்துப்போலும். நீலகிரியில் குருப்பட்டம் பெற்று, மதுரை வழியாகத் திருநெல்வேலிச் சீமையை அடைந்து, செம்மணற்றேரியும் பனையும் சூழ்ந்த இடையன்குடியைத் தமக்கு உறைவிடமாகக் கொண்டார்.

ஆங்கு அவர் முதற்கண் செய்த வேலைகளுள் தெருக்களை ஒழுங்குபடுத்துதலும் பள்ளிகளைப் பெருக்குதலும் தலையாயவை. 1844-இல் அவர் மணந்த எலைசா அம்மையார், நாகர்கோவிலில் தொண்டாற்றிய மால்ட் ஐயரின் புதல்வியார். தமிழ் பேசுவதில் வல்லவர். பெண்மக்கள் எழுத்தறிதல் வேண்டாத ஒன்றென எண்ணப்பட்ட அக்காலத்தில், அவ்வம்மையார் இடையன்குடியில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார்; பின்னல் வேலையும் கற்பித்து, அவர்கள் தம் கையாற் பொருளீட்ட வழிசெய்தார். ஐயரின் கல்வித் தொண்டைப் போற்றுவோர் அம்மையாரின் பங்கை மறத்தல் முறையன்று.

இவ்வூழியத்தின் நடுவே, 1856-ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. தென்மொழிகள் ஒரு தனிக் குடும்பத்தைச் சார்ந்தன என்பதை 1816-லேயே எல்லிஸ் துரை எடுத்துக்காட்டியிருந்தார். எனினும் ஒலியும், வேற்றுமையுருபும், இடப்பெயரும், வினையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, அவ்வுண்மையை ஐயமற நாட்டிய பெருமை கால்டுவெல்லுக்கே உரியது. 1875-இல் வெளியான இரண்டாம் பதிப்பில், தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு என்னும் ஆறோடு, ஏட்டில் எழுதப்படாத தோடர், கோண்டர் முதலியோர் மொழிகள் ஆறனையும் சேர்த்துப் பன்னிரண்டு மொழிகளை அவர் ஆராய்ந்தார். மலைவாணர் மொழியையும் புலவர் மொழியோடு ஒரே வரிசையில் அமர்த்தி ஆராய்ந்தமை எமக்குப் பெருவியப்பைத் தருகின்றது. அவர் கொண்ட முடிபுகளுள், திராவிட மொழிகளைச் சித்தியக் குடும்பத்தோடு உறவுபடுத்தியது போன்ற சில இன்று ஏற்கப்படுவதில்லை. ஆயினும் அடிப்படை அசையாது நிற்கின்றது.

1877-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சார்ஜன்ட் ஐயரோடு ஒருங்கே, கல்கத்தாவில் அவர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். அக்காலம் தென்னாட்டைக் கொடும்பஞ்சம் வாட்டிய காலம். வற்றிய கண்மாய்களையுடைய இராமநாதபுரச் சீமையிலும் மக்கள் பெரிதும் வருந்தினர். பஞ்சத்தின்போதும் அதன் பின்னும் சபையை நாடி வந்தோர் பலர். கஞ்சி ஒரு நாட் பசியையே தீர்க்கும். கல்வியோ தலைமுறைகளைத் தாங்கும். ஆதலின் பள்ளிகளும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் பெருக வேண்டுமென அவர் உழைத்தார். இராமநாதபுரத்தில் இக்கல்விப் பணிக்குப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஸ்வார்ட்சு ஐயர் வழி வகுத்திருந்தார். ஸ்வார்ட்சு ஐயர் பெயரால் அந்நகரில் விளங்கும் உயர்நிலைப் பள்ளியிலேதான், இராமேசுவரத்து மைந்தரும் பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவருமான அப்துல் கலாம் பயின்றார்.

சாயர்புரத்தில் நடைபெற்ற கல்லூரியைக் கால்டுவெல் 1883-இல் தூத்துக்குடிக்கு மாற்றினார். அது அவர் பெயராலேயே வழங்கிற்று. ஆயின் அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குள் அக்கல்லூரி மூடப்பட்டது. முதுமையில் அரும்பாடுபட்டு வளர்த்த நிலையம் நிலைத்திலதே என வருந்துதல் இயல்பு. எனினும் அவர் கல்வித் தொண்டின் வெற்றியை வேறோரிடத்திற் காண்கின்றோம். அவ்விடம் அவருக்கே கசப்பாயிருந்த இடமாகும்.

1849-இல் அவர் நாடார் சமூகத்தாரைக் குறித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். தம் சபையிற் பெரும்பாலோராய் இருந்த அம்மக்களின் அறிவையும் வழிபாட்டையும் அதில் தாழ்த்தி எழுதினார். ஆண்டுகள் சென்றன, அச்சமூகத்தார் அந்நூலைப் படித்து மனம் புண்பட்டனர், வரலாற்றுச் சான்றுகளைத் திரட்டி மறுப்பெழுதினர். முடிவில் அந்நூல் புழக்கத்தினின்று விலக்கப்பட்டது. மறுத்தோருள் மிஷன் பள்ளிகளிற் கற்றோரும் இருந்தனர். அவர் பிழையை நாம் மறைக்கவேண்டுவதில்லை. எழுத்தறியாரைப் பற்றி ஒருவர் எதனையும் எழுதிவிடலாம். எழுத்தறிந்தாரோ எழுந்து விடை கூறுவர். ஆசிரியரையே திருத்தும் ஆற்றலை மாணாக்கர்க்கு அளிப்பதன்றோ மெய்க்கல்வி? கால்டுவெல் போற்றிய பள்ளிகள் கால்டுவெல்லையும் மறுக்கவல்ல மக்களை ஆக்கின. இதனினும் அப்பள்ளிகளுக்கு வேறு நற்சான்று வேண்டா.

கொற்கையில் மண்ணை அகழ்ந்து பழமை தேடியும், 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை வெளியிட்டும், தமிழ் வேதாகமத் திருத்தத்திற் பங்குகொண்டும் உழைத்த அப்பெரியார், 1891-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28-ஆம் நாள் கோடைக்கானலில் உயிர் நீத்தார். அவருடலை மலையினின்று இறக்கி, நெடுந்தொலைவு கொணர்ந்து, அவர் கட்டி 1880-இல் பிரதிட்டை செய்யப்பெற்ற இடையன்குடித் திருக்கோயிலுள் அடக்கம் செய்தனர். 1968-இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது.

தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் நாம் சிலைக்கு மாலையிடுவதோடு அமைதல் ஆகாது. அவர் நாட்டியவற்றைக் கற்று, அவர் தவறியவற்றைத் திருத்தி, அவர் விட்ட இடத்தினின்று மேற்செல்லுதலே நாம் செலுத்தத்தக்க கைம்மாறு. அந்நெறியில் நடக்க எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவாராக.