பூமியின் வயதும் ஆனந்த குமாரசுவாமியும்

தம்பிலுவிலிலிருந்து திருக்கோவில் வரை நீளும் கரையோரத்தில், அலை ஒதுங்கிய இடங்களில் கரிய மணல் படிந்திருப்பதை நம் பிரதேச மக்கள் நன்கு அறிவர். இல்மனைற்று முதலிய பாரமான கனிப்பொருட்கள் செறிந்த மணல் அது. உள்நாட்டுப் பாறைகள் தேய்ந்து, ஆறுகளால் அடித்துவரப்பட்டு, கடலால் கொழிக்கப்பட்டுக் கரையேறியது. கிழக்கிலங்கையின் அப்பாறைகளுள் பல ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியவை என்பது புவிச்சரிதவியலாளர் முடிபு. ஆயினும் பூமிக்கே ஆறாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேலாகத்தான் வயது என்று வாதிடுவோர் இன்றும் உள்ளனர். வகுப்பறையில் ஒன்றையும் வெளியே மற்றொன்றையும் கேட்கும் மாணவர், அறிவியலையோ சமயத்தையோ கைவிட்டே ஆகவேண்டும் என மயங்குகின்றனர். இரண்டையும் கைவிடாத ஒரு தமிழரின் வாழ்க்கை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆனந்த குமாரசுவாமி 1877 ஆகஸ்ட் 22 ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி சட்டநிரூபண சபை உறுப்பினர். பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் சகோதரர்களின் தாய்மாமன். தாய் எலிசபெத் பீபி ஆங்கிலப் பெண்மணி. 1879 இல் தந்தை மறையவே, குழந்தை தாயுடன் இங்கிலாந்தில் வளர்ந்தது. 1900 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் பட்டம் பெற்றார். இன்று அவரைக் கலை வரலாற்றறிஞராக மட்டுமே அறிந்த பலருக்கு இது வியப்பாக இருக்கலாம்.

1903 இல் இலங்கைக் கனிப்பொருளியல் அளவைத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளராக அவர் பொறுப்பேற்றார். அக்காலத்தில் பூமியின் வயது பற்றிய வழக்கு தீர்ந்தபாடில்லை. அர்மா பேராயர் ஜேம்ஸ் அஷர், விவிலிய வம்சாவளிகளைக் கூட்டிக் கழித்து, படைப்பு கி.மு. 4004 இல் நிகழ்ந்தது என 1650 இல் கணித்திருந்தார். பௌதிக மேதை கெல்வின் பிரபுவோ, பூமி குளிர்ந்துவரும் வேகத்தைக் கொண்டு, 1897 இல் இரண்டு முதல் நான்கு கோடி ஆண்டுகள் என்றார்.

இந்நிலையில்தான் 1904 இல் பலாங்கொடைப் பக்கத்து இரத்தினக்கற் சரளையிலிருந்து கனத்த கரிய சிறு படிகங்கள் கிடைத்தன. குமாரசுவாமி அவற்றை முதலில் யுரேனினைற்று எனக் கருதினார். இலண்டனில் வின்டம் டன்ஸ்டன் பகுத்தாராய்ந்தபோது அது புதியதொரு கனிப்பொருள் எனத் தெரிந்து, தோரியனைற்று என்னும் பெயர் சூட்டப்பட்டது.

இப்படிகத்தினுள் ஒரு கடிகாரம் இருந்தது. தோரியமும் யுரேனியமும் கதிர்த்தொழிற்பாட்டினால் சிதையும்போது ஈலியம் என்னும் வாயு உண்டாகிப் படிகத்திலேயே சிறைப்படுகிறது. ஒரு கிராம் தோரியனைற்றில் சுமார் 9 கன சென்ரிமீற்றர் ஈலியம் இருந்தது. அது ஆண்டொன்றுக்கு எவ்வளவு உண்டாகிறது என்பதை ரொபேட் ஸ்ட்ரட் ஆய்வுகூடத்தில் நேரடியாக அளந்து, இக்கனிப்பொருளுக்குக் குறைந்தது 28 கோடி ஆண்டுகள் வயது என 1910 இல் வெளியிட்டார். ஆறாயிரம் ஆண்டுகளில் சேரக்கூடிய ஈலியம், அங்கிருந்ததில் சுமார் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு மாத்திரமே.

அதற்கு முன், 1907 இல், அமெரிக்கரான போல்ற்வூட் ஈயத்தின் அளவைக் கொண்டு இலங்கைத் தோரியனைற்றுக்கு 220 கோடி ஆண்டுகள் வரை கணித்திருந்தார். அறிஞர்களே முரண்படுகிறார்களே என்று கேட்பவர் இவ்விரு எண்களையும் தாராளமாகச் சுட்டிக்காட்டலாம். இரண்டும் பிழையானவைதாம். ஆனால் பிழைக்கான காரணம் பின்னர் தெரியவந்தது. ஈலியம் படிகத்திலிருந்து மெல்லக் கசிவதால் ஸ்ட்ரட்டின் கணக்குக் குறைந்தது. தோரியமும் ஈயமாக மாறுகிறது என்பது அப்போது அறியப்படாமையால் போல்ற்வூட்டின் கணக்கு மிகுந்தது. இன்று நமது இரத்தினக்கற் சரளையின் சிர்க்கன் படிகங்கள் தரும் வயது சுமார் 56 கோடி ஆண்டுகள். உலக ஆய்வுகூடங்கள் தம் கருவிகளைச் சரிபார்க்கும் அளவுகோலாகவும் இலங்கைச் சிர்க்கன் பயன்படுகிறது. பண்டைக்காலத்தில் சிதைவு வேகமாக நடந்திருக்கலாமே என்பது அடுத்த வாதம். கோடிக்கணக்கான ஆண்டுகளின் சிதைவு சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் நடந்திருந்தால், அதன் வெப்பத்தில் பாறைகளே உருகியிருக்கும்.

குமாரசுவாமி 1906 இல் இலண்டனின் கலாநிதிப் பட்டத்தைப் பெற்று, அரச பதவியை விட்டு நீங்கினார். பாறைகளைத் தேடி ஊரூராக அலைந்த நாட்களில் நலிந்துகொண்டிருந்த கைவினைஞர்களைக் கண்டதே அவரது திசையை மாற்றியது. இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் 1908 இல் வெளிவந்தது. 1917 முதல் பொஸ்டன் நுண்கலை அரும்பொருட்சாலையில் பணியாற்றினார். அங்கே வேதாந்தம், கிறிஸ்தவ ஞானிகள், சூபிகள், பிளேட்டோ என அவரது வாசிப்பு விரிந்தது.

நவீன காலத்தின் முன்னேற்றப் பெருமிதத்தை அவர் கடுமையாகக் கண்டித்தவர். எனவே அறிவியலுக்கு எதிரான கட்சியில் அவரைச் சேர்க்க யாரேனும் விரும்பலாம். அதற்கு அவர் இடம் வைக்கவில்லை. 1944 இலும் 1947 இலும் ‘ஐசிஸ்’ என்னும் அறிவியல் வரலாற்று ஏட்டில் கூர்ப்பு பற்றி எழுதியபோது, முதற்காரணத்தையும் இடைக்காரணங்களையும் அவர் பிரித்துக் காட்டினார். இடைக்காரணங்களைத் தேடுவது அறிவியலின் வேலை. படைப்பு என்பதோ கடந்த காலத்தில் ஒரு நாள் நடந்து முடிந்த சம்பவமன்று. ஆகவே இரண்டும் மோத வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. தோரியனைற்றைக் கையில் வைத்துப் பார்த்தவர் சொன்னது என்பதால் இதற்கு ஒரு தனிக் கனம் உண்டு.

இது முஸ்லிம் வாசகர்களுக்கும் புதியதன்று. குர்ஆன் பூமிக்கு ஆண்டுக்கணக்கு எதுவும் சொல்லவில்லை. வட இந்தியச் சமவெளி ஆற்று வண்டலால் தூர்ந்த பழங்கடல் என்பதை, கற்கள் தேய்ந்து சிறுத்துவரும் ஒழுங்கைக் கொண்டு அல்பீரூனி ஏறத்தாழ 1030 இலேயே உய்த்துணர்ந்தார். இந்துக்களில் சிலர், கற்பம் என்பது 432 கோடி ஆண்டுகள், அறிவியலும் அதற்கு அண்மித்த எண்ணையே சொல்கிறது எனப் பெருமிதம் கொள்வதுண்டு. அளந்து பெறாத எண், அளந்த எண்ணோடு அண்மித்து நிற்பது சான்றாகாது.

1947 ஆகஸ்டில் தமது எழுபதாவது பிறந்த நாளில், ஓய்வுபெற்று இந்தியாவுக்குத் திரும்பும் எண்ணத்தைக் குமாரசுவாமி அறிவித்தார். செப்டெம்பர் 9 ஆம் திகதி மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் நீடம் நகரில் காலமானார். கிளேர் பற்றர்சன் விண்கற்களின் ஈயத்தை அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என வெளியிட்டது அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1956 இல்.