நோய்க்குக் காரணம் இனமா, வறுமையா? வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த டு பாய்ஸ் யார்?

1899 மே மாதம். அமெரிக்காவின் அட்லாண்டா நகரம். இரண்டு வயதுகூட ஆகாத ஒரு ஆண் குழந்தைக்குத் தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா. அந்த நோய்க்கு எதிர்நச்சு மருந்து பரவலான பயன்பாட்டுக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகிவிட்டது. ஆனால் நிறம் பார்க்கும் ஊர் அது. வெள்ளை டாக்டர்கள் கறுப்பினக் குழந்தைக்கு வைத்தியம் பார்க்க வருவது அபூர்வம். கறுப்பின டாக்டர்களோ விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். அப்பா டாக்டரைத் தேடி அலைந்தார். குழந்தை பிழைக்கவில்லை.

அந்த அப்பாதான் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ். ஹார்வர்டில் பிஎச்.டி. பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். கறுப்பின மக்கள் ஏன் சீக்கிரம் சாகிறார்கள் என்ற கேள்விக்கு வீடு வீடாகப் போய் விடை தேடியவர். கடைசியில் அந்தக் கேள்வி அவர் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது.

யார் இந்த டு பாய்ஸ்?

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரேட் பேரிங்டன் என்ற சிற்றூரில் 1868-ல் பிறந்தவர். வசதியில்லாத குடும்பம். ஊர் தேவாலயங்கள் பணம் திரட்டிக் கொடுத்ததால்தான் தெற்கே உள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் சேர முடிந்தது. அங்கே படிக்கும்போது கோடை விடுமுறைகளில் டென்னசி கிராமம் ஒன்றில் மரக்குடிசைப் பள்ளியில் பாடம் நடத்தினார். வயலில் வேலை வந்துவிட்டால் பிள்ளைகள் வகுப்புக்கு வர மாட்டார்கள். பிறகு ஹார்வர்ட், பெர்லின் என்று படித்து 1895-ல் பிஎச்.டி. முடித்தார்.

இவ்வளவு படித்தவருக்கு பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தந்த வேலை என்ன தெரியுமா? ஒரு வருஷத்துக்கு 900 டாலர் சம்பளத்தில் தற்காலிக உதவியாளர். மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கும் பொறுப்புகூட இல்லை. ஃபிலடெல்ஃபியாவின் 7-வது வார்டில் வாழும் கறுப்பின மக்களைப் பற்றி ஆய்வு செய்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

7-வது வார்டில் என்ன செய்தார்?

1896-ல் புதுமனைவி நினாவோடு அந்த வார்டிலேயே குடியேறினார். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளவில்லை. சுமார் 2,500 வீடுகளின் கதவைத் தானே தட்டினார். என்ன வேலை, எவ்வளவு வாடகை, எத்தனை அறை, யாருக்கு என்ன நோய் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். கணக்கில் வந்த 2,441 குடும்பங்களில் குளியலறையும் கழிவறையும் பயன்படுத்த முடிந்தவை வெறும் 334.

இந்த எண் ஏன் முக்கியம்? அதே 1896-ல் புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியலாளர் ஃபிரெடெரிக் ஹாஃப்மன் ஒரு பெரிய புத்தகம் போட்டிருந்தார். கறுப்பின மக்களின் அதிக இறப்பு விகிதத்துக்கு அவர்களின் பிறவிக் குணம்தான் காரணம், அந்த இனமே அழிந்துகொண்டிருக்கிறது என்பது அவர் வாதம். அந்தக் காலத்துக் காப்பீட்டுத் தொழிலுக்கு இது ரொம்ப வசதியான வாதம். ஒரு இனத்துக்கே பாலிசி மறுக்க அறிவியல் சான்றிதழ் கிடைத்த மாதிரி!

டு பாய்ஸ் கோபப்படவில்லை, கணக்கைத்தான் திருப்பிக் காட்டினார். ஹாஃப்மன் பிறந்தது ஜெர்மனியில். அதே ஜெர்மனியின் மியூனிக்கிலும், நேப்பிள்ஸ், பெல்ஃபாஸ்ட் போன்ற நகரங்களிலும் வெள்ளையர்கள் அதே வேகத்திலோ அதைவிட வேகமாகவோ இறந்திருக்கிறார்கள். அப்படியென்றால் அவர்களும் அழியப்போகும் இனமா? ஈரமான வீடு, நெரிசல், கெட்ட தண்ணீர், குறைந்த கூலி ஆகியவற்றைத்தான் அவர் காரணமாகச் சுட்டினார். இன்று பொது சுகாதாரத்தில் 'சமூகக் காரணிகள்' என்று பேசுகிறோமே, அதை 1890-களிலேயே ஒரு வார்டின் கணக்கை வைத்து எழுதிவிட்டார்.

அந்தப் புத்தகத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. ஏழைகளின் ஒழுக்கத்தைப் பற்றி மேலே இருந்து தீர்ப்பு சொல்லும் பக்கங்கள் அதில் உண்டு. இன்று படித்தால் உறுத்தும்.

1899-ல் என்ன மாறியது?

அதற்குள் அவர் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். உண்மையை எடுத்துக் காட்டினால் மக்கள் மாறிவிடுவார்கள் என்று நம்பினார். 1899 ஏப்ரலில் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை ஒரு கும்பல் சித்திரவதை செய்து எரித்துக் கொன்றது. அதைப் பற்றி நிதானமான கடிதம் ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்தார் டு பாய்ஸ். போகும் வழியில், ஹோஸின் விரல் எலும்புகள் ஒரு கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டார். கடிதத்தைக் கொடுக்காமலே வீடு திரும்பினார்.

அடுத்த மாதம் மகன் பர்கார்ட் இறந்தான்.

அதன்பின் அவர் ஆய்வை விட்டுவிடவில்லை. 1906-ல் அட்லாண்டாவில் கறுப்பின மக்களின் உடல்நலத்துக்கென்றே மாநாடு நடத்தினார். அதன் அறிக்கையில் இறப்புக் கணக்கோடு கறுப்பின டாக்டர்கள், மருத்துவமனைகள், மருத்துவக் கல்லூரிகள் பற்றிய விவரமும் இருந்தது. ஆனால் கணக்கு மட்டும் போதாது என்று தெரிந்துவிட்டது. கறுப்பின மக்களின் உரிமைக்கான என்ஏஏசிபி அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1910-ல் பேராசிரியர் வேலையை விட்டு அதன் 'தி கிரைசிஸ்' இதழின் ஆசிரியர் ஆனார்.

கல்வி விஷயத்தில் புக்கர் டி. வாஷிங்டனோடு அவருக்குப் பெரிய மோதல். கைத்தொழில் கற்றால் இப்போதைக்குப் போதும் என்பது வாஷிங்டன் பக்கம். கல்லூரிப் படிப்பு இல்லாமல் டாக்டரும் ஆசிரியரும் எங்கிருந்து வருவார்கள் என்பது இவர் பக்கம். பத்தில் ஒருவர் மேலே வந்து மற்றவர்களைத் தூக்கிவிடட்டும் என்ற அவரது யோசனையில் மேட்டிமை வாடை அடித்தது. பின்னாளில் அவரே அதைத் திருத்திக்கொண்டார்.

அம்பேத்கரோடு என்ன தொடர்பு?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பிரச்சினையை ஐ.நா.வுக்கு எடுத்துப்போகும் முயற்சி நடப்பது தெரிந்து, 1946-ல் அந்த மனுவின் பிரதி கேட்டு டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார் அம்பேத்கர். டு பாய்ஸும் பதில் போட்டார்.

கடைசிக் காலம் கசப்பானது. இடதுசாரி என்ற சந்தேகத்தில் அமெரிக்க அரசு 1951-ல் அவர்மீது வழக்கு நடத்தியது. வழக்கு நிற்கவில்லை. ஆனாலும் பல வருஷம் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. 1961-ல் கானாவுக்குப் போய்விட்டார். 1963 ஆகஸ்ட் 27 அன்று, 95 வயதில், அக்ராவில் காலமானார். மறுநாள்தான் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய மாபெரும் பேரணி. மேடையில் இருந்து அவர் மறைவை அறிவித்தார்கள்.

அவர் அடக்கம் செய்யப்பட்டது அக்ராவில். 1950-ல் இறந்த நினாவின் கல்லறை இருப்பது கிரேட் பேரிங்டனில். 1899-ல் மகனை அட்லாண்டா மண்ணில் புதைக்க மனம் வராமல் ரயிலில் கொண்டுபோய்ப் புதைத்தார்களே, அதே இடுகாடு.