கையசைத்து அனுப்பியவன்: வில்லியம் பிட்சன்பார்கர்

ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம்ல படிச்ச ஆள் நான். ஒற்றுப்பிழை, சந்திப்பிழை கண்ணுல பட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஒரு அவசர உதவிக் கருவி. ஆபத்துல இருக்கிறவர் பட்டனை அழுத்தினா, அவர் இருக்கிற இடம் லோரா ரேடியோ வழியா வந்து நம்ம லேப்டாப் மேப்ல ஒரு சிவப்புப் புள்ளியா தெரியும். அவ்வளவுதான். இதுக்கு லிட்ரேச்சர் சர்வே பண்ணும்போது, போர்க்களத்துல சிக்கினவங்களை மீட்கிற ராணுவக் குழுக்களைப் பத்தியும் அவங்க ரேடியோக்களைப் பத்தியும் படிக்க ஆரம்பிச்சேன். அங்கேதான் இந்தப் பெயர் வந்தது. வில்லியம் பிட்சன்பார்கர். நண்பர்கள் பிட்ஸ்னு கூப்பிட்டிருக்காங்க. அவரோட கதை முடியும்போது அவருக்கு 21 வயசு. என் வயசு. அதனால மரியாதைக் குறைவா எடுத்துக்காதீங்க, இந்தக் கட்டுரை முழுக்க அவன், இவன்னுதான் எழுதப் போறேன்.

பிட்ஸ் பிறந்தது 1944 ஜூலை 8, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிக்வா என்ற சின்ன ஊர்ல. வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஹைஸ்கூல் முடிக்கிறதுக்கு முன்னாடியே படிப்பை விட்டுட்டு ராணுவத்தோட சிறப்புப் படையில சேரணும்னு அடம் பிடிச்சிருக்கான். அப்பா அம்மா சம்மதிக்கல. சரின்னு ஸ்கூலை முடிச்சான். 1962 டிசம்பர் 31, ஊரே புத்தாண்டுக்கு ரெடியாகிட்டு இருந்த நாள்ல விமானப்படையில சேர்ந்துட்டான்.

விமானப்படைன்னா பைலட் வேலைன்னு நினைச்சிடாதீங்க. அவன் தேர்ந்தெடுத்தது பாராரெஸ்க்யூ என்ற பிரிவு. அங்க இருக்கிறவங்களை பிஜேன்னு சொல்லுவாங்க. விமானம் விழுந்த இடம் காடா இருக்கலாம், கடலா இருக்கலாம், எதிரி நடமாடுற இடமாவும் இருக்கலாம். அங்கே இறங்கணும், காயம்பட்டவருக்கு முதல் சிகிச்சை கொடுக்கணும், அவரை மேலே ஏத்தி அனுப்பணும். அதுக்காக பாராசூட், ஸ்கூபா டைவிங், காட்டில் உயிர் பிழைக்கும் பயிற்சி, மருத்துவப் பயிற்சி எல்லாத்தையும் வரிசையா முடிக்கணும். பாதியில விட்டுட்டுப் போறவங்கதான் அதிகம். பிட்ஸ் முடிச்சான்.

1965-ல வியட்நாம் போனான். சைகோனுக்குப் பக்கத்துல இருக்கிற பியன் ஹோவா விமானதளத்தில், 38-வது விமான மீட்புப் படையைச் சேர்ந்த ஒரு சின்னக் குழு. அவங்க கையில இருந்த ஹெலிகாப்டர் கமான் கம்பெனியோட எச்எச்-43 ஹஸ்கி. மெக்கானிக்கல் நண்பர்கள் இதை அவசியம் தேடிப் பாருங்க. ரெண்டு ரோட்டார் பக்கத்துல பக்கத்துல, கொஞ்சம் சாய்ஞ்சு, ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டே எதிரெதிர் திசையில சுத்தும். ஒண்ணோட டார்க்கை இன்னொண்ணு சரிக்கட்டிடும். அதனால வால் ரோட்டாரே கிடையாது. வேகம் கம்மி, ஆனா ஒரே இடத்துல அசையாம நிக்கிறதுல கில்லாடி. ஆரம்பத்துல இதோட வேலை விமானதளத்தில் தீயணைக்கிறது. ரோட்டார் காற்றால தீயை ஒரு பக்கமா தள்ளி, உள்ளே இருக்கிறவரை வெளியே எடுக்க வழி பண்ணும். கூடவே ஒரு வின்ச்சும் கேபிளும் இருந்ததால, இறங்க இடமில்லாத காட்டுலயும் ஆளைத் தூக்க முடிஞ்சது. ரேடியோவில் இந்த ஹெலிகாப்டர்களின் அழைப்புப் பெயர் பெட்ரோ.

பிட்ஸ் 250-க்கும் மேற்பட்ட முறை இப்படிப் பறந்திருக்கான். அதுல ஒண்ணு: ஒரு தென் வியட்நாம் சிப்பாய் கண்ணிவெடி வயல்ல காயம்பட்டு விழுந்து கிடந்தார். சுத்திப் புல் எரியுது. நடந்து போனா அடுத்த வெடி எங்கே இருக்குன்னு யாருக்கும் தெரியாது. பிட்ஸ் ஹெலிகாப்டர் கேபிள்ல தொங்கிக்கிட்டே இறங்கி அவரைத் தூக்கிட்டு வந்தான். அதுக்கு ஒரு பதக்கம் கொடுத்தாங்க. வேலை முடிஞ்சு ஊருக்குப் போனதும் அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டில நர்சிங் படிக்கணும்னு திட்டம் வச்சிருந்தான்.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தி ரேடியோ பக்கம் போகலாம். ஏஎம், எஃப்எம் ரெண்டையும் நாம எக்ஸாமுக்காக மனப்பாடம் பண்ணிருப்போம். வியட்நாம்ல அது தினசரிப் பிரச்சினை. காலாட்படை முதுகுல சுமந்த பிஆர்சி-25 செட், 30 முதல் 76 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் எஃப்எம். 920 சேனல், ஒவ்வொண்ணுக்கும் 50 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, எடை 10 கிலோவுக்கு மேல. பவர் ஆம்ப்ளிஃபயர்ல இருக்கிற ஒரே ஒரு வால்வைத் தவிர மீதி எல்லாம் டிரான்சிஸ்டர். விமானப்படை விமானங்கள் பேசினது யுஹெச்எஃப், 225 முதல் 400 மெகாஹெர்ட்ஸ், ஏஎம். பேண்டும் வேற, மாடுலேஷனும் வேற. தரையில இருக்கிறவங்களோட பேசணும்னா மேலே இருக்கிறவங்க தனியா ஒரு எஃப்எம் செட் வச்சிருக்கணும்.

விழுந்த விமானிகளுக்கு இன்னொரு வகை இருந்தது. யுஆர்சி-10 மாதிரி கையடக்க ரேடியோ. அது வேலை செஞ்சது 243 மெகாஹெர்ட்ஸ்ல. சிவில் விமானங்களோட அவசர அலைவரிசை 121.5. அதை ரெண்டால பெருக்குங்க, 243 வரும். செகண்ட் ஹார்மோனிக். நான் இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு ஹாஸ்டல்ல எல்லார்கிட்டயும் சொல்லித் தொல்லை பண்ணினேன். ஆனா காட்டுல இதுக்கும் பலவீனம் உண்டு. ஈரமான இலைகள் யுஹெச்எஃப் சிக்னலை நல்லாவே குடிச்சிடும். அதோட மறைகுறியீடு எதுவும் கிடையாது. நண்பன் கேட்கிற அதே அலைவரிசையை எதிரியும் கேட்கலாம்.

இப்போ 1966 ஏப்ரல் 11-க்கு வருவோம். சைகோனுக்குக் கிழக்கே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவுல காம் மி. அமெரிக்க முதலாம் காலாட்படை டிவிஷனைச் சேர்ந்த சார்லி கம்பெனி, 134 பேர், எதிரிகளால சுத்தி வளைக்கப்பட்டாங்க. காயம்பட்டவங்க குவியறாங்க. நூறு அடிக்கு மேல வளர்ந்த மரங்கள், ஹெலிகாப்டர் இறங்க ஒரு திறந்தவெளி கிடையாது. ரேடியோ வழியா கோரிக்கை போச்சு. மீட்பு மையம் பியன் ஹோவாவிலிருந்து ரெண்டு ஹஸ்கிகளை அனுப்பிச்சு. அதுல ஒண்ணுல பிட்ஸ்.

மரங்களுக்கு மேல நின்னுக்கிட்டு, இலைகளுக்கு நடுவுல கேபிள்ல ஸ்ட்ரெச்சர் கூடையை இறக்கணும். கீழே இருந்த சிப்பாய்களுக்கு அதுல ஆளைச் சரியா கட்டி ஏத்தத் தெரியல. ஒவ்வொரு ஆளுக்கும் நிமிஷங்கள் போகுது. ஹெலிகாப்டர் நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அது குண்டுக்கு இலக்கு. நான் இறங்குறேன்னு பிட்ஸே முன்வந்தான். இறங்கினான். அதுக்கப்புறம் வேலை வேகமா நடந்தது. ஹெலிகாப்டர்கள் மாறி மாறி வந்து போச்சு. மொத்தம் ஒன்பது பேர் மேலே போனாங்க. ஒவ்வொரு தடவையும் அவனும் ஏறிப் போயிருக்கலாம். போகல.

அடுத்த முறை வந்த ஹஸ்கி கூடையை இறக்கும்போது அதுமேல குண்டு பாய்ஞ்சது. இன்ஜின் சக்தி இழக்குது, உடனே கிளம்பியாகணும். கூடை பிட்ஸுக்குக் கைக்கெட்டுற தூரத்துல இருந்தது. அவன் ஏறல. போயிடுங்கன்னு கையை அசைச்சான். ஹெலிகாப்டர் போயிடுச்சு. சண்டை கடுமையானதால அன்னிக்கு வேற ஹஸ்கி அந்த இடத்துக்குத் திரும்பி வர முடியல.

அடுத்த ஒன்றரை மணி நேரம் அவன் என்ன செஞ்சான்னு உயிர் பிழைச்சவங்க சொன்னதிலிருந்துதான் உலகத்துக்குத் தெரியும். கொடிகளை வெட்டி எலும்பு முறிவுக்குக் கட்டு போட்டான். இளமரங்களை வெட்டி ஸ்ட்ரெச்சர் செஞ்சான். தோட்டா தீர்ந்தபோது, இறந்தவங்ககிட்ட இருந்து சேகரிச்சு, சுட முடிஞ்சவங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். கடைசியில அவனும் துப்பாக்கி எடுத்தான். இரவு ஏழரை மணி வாக்கில் இறந்தான். மறுநாள் உடலைக் கண்டெடுத்தபோது ஒரு கையில துப்பாக்கி, இன்னொரு கையில மருந்துப் பை. அந்தக் கம்பெனியில சுமார் 80 சதவீதம் பேர் இறந்தோ காயம்பட்டோ போயிருந்தாங்க.

அதே 1966-ல அவனுக்கு ஏர் ஃபோர்ஸ் கிராஸ் விருது கொடுக்கப்பட்டது. அதைவிட உயர்ந்த மெடல் ஆஃப் ஆனர் கிடைக்கணும்னு, அவனால உயிர் பிழைச்சவங்களும் மத்தவங்களும் பல வருஷம் போராடினாங்க. 34 வருஷம் கழிச்சு, 2000 டிசம்பர் 8 அன்று, ஒஹாயோவில் இருக்கிற விமானப்படை அருங்காட்சியகத்துல அந்தப் பதக்கத்தை அவனோட அப்பா வாங்கினார். ஹைஸ்கூலை முடிச்சாத்தான் ஆச்சுன்னு மகன்கிட்ட அடம் பிடிச்ச அதே அப்பா.

ரேடியோக்கள் அதுக்கப்புறம் எங்கேயோ போயிடுச்சு. 1995-ல பாஸ்னியாவுல சுட்டு வீழ்த்தப்பட்ட விமானி ஸ்காட் ஓ'கிரேடியை ஆறாவது நாள் மீட்க உதவினது பிஆர்சி-112 ரேடியோ. இப்போ வர்றது ஜிபிஎஸ் இடத்தை மறைகுறியீடு செஞ்சு, கண் இமைக்கிற நேரத்துல சாட்டிலைட்டுக்கு அனுப்பிடுது. காம் மியில இருந்த எந்த ரேடியோவாலயும் இது முடியாது.

போன ரிவ்யூல எங்க டீம் அந்தச் சிவப்புப் புள்ளியைக் காட்டினோம். ரேஞ்ச் எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம் வரும், துல்லியம் எத்தனை மீட்டர்னு கேட்டாங்க. எல்லாத்துக்கும் பதில் இருந்தது. புள்ளி தெரிஞ்ச பிறகு அங்கே யார் போவாங்கன்னு யாரும் கேட்கல. கேட்டிருந்தா எங்க ஸ்லைடுல பதில் இருந்திருக்காது.

பிட்ஸைப் படிச்சதுக்கு அப்புறம் ரிப்போர்ட்ல ஒரு பக்கம் சேர்த்திருக்கோம். பட்டனை அழுத்தினவர் பக்கம் மட்டுமே இதுவரைக்கும் யோசிச்சிருந்தோம். இப்போ தேடிப் போறவர் கையிலயும் ஒரு கருவி இருக்கணும்னு டிசைனை மாத்துறோம். கையுறை போட்ட விரலாலயும் அழுத்துற மாதிரி பெரிய பட்டன், இருட்டுலயும் தெரியுற டிஸ்ப்ளே, அவர் எங்கே இருக்கார்னு பின்னாடி இருக்கிறவங்களுக்கும் தெரியுற வசதி. சப்மிஷனுக்கு மூணு வாரம்தான் இருக்கு. கைடு கொஞ்சம் முறைச்சார், ஆனா சரின்னுட்டார்.